கரியைத் தின்ற வளையம்

ஓகஸ்ட் 10, ஞாயிறு

கச்சான் காற்று, மழை தராத வறண்ட காற்று. விடியற்காலையிலிருந்து ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது. நமுனுகுல மலை உச்சியில் ஒரு துண்டு முகில் இல்லை. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

எடுத்துப்போனவை: வளையம் (பஞ்சில் சுற்றி, சோப்புப் பெட்டிக்குள்). ஸ்பெனர்கள். வெள்ளைத் துணி. மாற்றிக்கொள்ள நல்ல சேர்ட் ஒன்று. சேர்ட்டைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகும் பஸ். நின்றபடியே பயணம். தேயிலைத் தோட்டத்தில் மேல் லயங்களுக்கு, மேட்டிலுள்ள தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, தண்ணீர் ஏற்றும் மோட்டரின் சீல் அடிக்கடி போய்விடுகிறது. ஓடைத் தண்ணீரில் மணல். போன மாதம் தங்கை சாந்தியைப் பார்க்கப் போயிருந்தபோது தலைவர் முத்தையா இதைச் சொல்லிப் புலம்பினார். நான் சரிசெய்து தருகிறேன் என்றேன். யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

சீல் என்பது இவ்வளவுதான்: இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் ஒட்டி நிற்கும். ஒன்று கடினம், தண்டோடு சுழலும். மற்றது கரியால் ஆனது, மென்மை, அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் வெளியேறக் கூடாது. சுழலும் வளையத்தைக் கழற்றி என்னுடையதைப் போட்டேன். ஜப்பானில் படித்த காலத்தில் ஆய்வுகூடத்தில் நானே வைரம் பூசிய வளையம். இத்தனை வருடம் அலுமாரியில் கிடந்தது. வாயுவிலிருந்து படிந்து வளரும் வைரம், மணிமணியாக, கண்ணுக்குத் தெரியாத சின்ன மணிகள். பார்வைக்கு வெறும் சாம்பல் நிறம். விடுமுறையில், நான் படிப்பிக்கும் தொழில்நுட்பக் கல்லூரி வேலைத்தளத்தில் அதன் முகத்தைத் தேய்த்து மெருகேற்றினேன். சொரசொரப்பை அளந்தேன். சராசரி எண் நன்றாகவே வந்தது.

தலைவர் மாலை போட்டார். "நம்ம லயத்துல பொறந்த புள்ள. ஜப்பான் வரைக்கும் போய்ப் படிச்சி, இன்னைக்கு நம்ம தண்ணிக்காக வைரத்தையே கொண்டாந்து போட்டிருக்காரு." கைதட்டல். தோட்டத்தின் உதவி நிர்வாகி, சின்னத்துரை, கைகுலுக்கினார். அப்பா இந்தத் தோட்டத்தில் துரைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றவர்.

கொழுந்தெடுக்கும் ராஜம்மா எட்டிப் பார்த்தாள். "வைரங்கிறீங்க, கல்லு எங்கங்க சேர்?"

"பூரா வைரம்தாம்மா. வைரத்த வேற எதுவும் தேய்க்க முடியாது. அதனால இது தேயாது."

இரண்டாவது வாக்கியம் உண்மை. அதை அங்கே சொன்னதுதான் தேவையில்லாதது.

தொழிற்சாலை ஃபிட்டர் பண்டார கூட நின்று உதவினார். சிரித்துக்கொண்டே, "சேர், நம்ம சிங்களத்தில வைரம் சொன்னா கோவம். மனசுக்குள்ள வச்சி வச்சி வளக்கிற கோவம்."

தமிழிலும் அந்த அர்த்தம் இருக்கிறது என்றேன்.

"அப்ப இந்த மோட்டருக்குக் கோவமா பூசினது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மோட்டர் அறைக்குத் தலைவர் புதுப் பூட்டு வாங்கிவைத்திருக்கிறார், வைரம் இருப்பதால். சாவி மோட்டர்காரனிடம். மோட்டர்காரன் சிவலிங்கம். தங்கையின் கணவன். இனி சி. முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை. அப்பா இறந்தபோது நான் ஜப்பானில். மறுநாள் வந்து இறங்கினேன். அதற்குள் அவன் கொள்ளிவைத்து எல்லாம் முடித்திருந்தான். ஒரு நாள் காத்திருந்திருக்கலாம்.

மாலையைச் சாந்தி வீட்டிலேயே விட்டுவந்தேன்.


ஓகஸ்ட் 13, புதன்

காற்று குறையவில்லை. தொண்டைக் கரகரப்பு. கொத்தமல்லித் தண்ணீர்.

சி. போன். குரலில் அத்தனை சந்தோஷம். "மச்சான், மோட்டர் பூன மாதிரி ஓடுது. மொத நாள் கொஞ்சம் கத்திச்சி. இப்ப சத்தமே இல்ல. கைய வச்சிப் பாத்தா சூடும் இல்ல."

அவனுக்கு விளக்கினேன், வகுப்பில் போல. புதுப் பரப்பு எதுவும் முதலில் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். மேடுகள் எதிரில் இருப்பதை உழும், அதனால் உராய்வு அதிகம். ஓட ஓட மேடுகள் மழுங்கும், பள்ளங்கள் நிரம்பும். பிறகு வழுவழுப்பு. வைரத்தில் ஈரக் காற்றும் தண்ணீரும் பட்டால் இன்னும் நல்லது, ஒட்டாது.

"ஆமாங்க, ஆமாங்க" என்றான் ஒவ்வொன்றுக்கும். விளங்கியதோ என்னவோ. லயத்தில் எல்லாரிடமும் சொல்லப்போவதாகச் சொன்னான்.

கீழே கறுப்பாக ஏதோ வடிகிறதாம். கிரீஸ் என்றேன்.

நிமலிடமிருந்து குறுஞ்செய்தி. தலைவரின் மகன் முகநூலில் போட்ட படத்தை யாரோ அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வாழ்த்துகள், ஆனால் கரிக்கு எதிராக ஓட்டாதே, எதிரிலும் கடினமான வளையம் போடு, மேடுகளை எடுத்தாயா என்று பார், என்று எழுதியிருக்கிறான். பேராசிரியர் நிமல். ஜப்பானில் ஒரே அறை, ஒரே ரைஸ் குக்கர். என் மாதிரிகளில் பாதியை அவன்தான் இரவல் வாங்கிச் சோதித்தான். பிறகு ஒரு பதவிக்கு இருவரும் விண்ணப்பித்தோம். அவன் பேராசிரியர். நான் வெல்டிங் மாணவர்களுக்கு உலோகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது மேடுகளை எடுத்தாயா என்று கேட்கிறான்.

பதில் போடவில்லை.

மறக்காதவை, ஒழுங்கில்லாமல்: நிமல். நேர்முகத்தில் என் பெயரை மூன்று தரம் தவறாக உச்சரித்த தேர்வுக் குழுத் தலைவர். "தோட்டத்திலிருந்தா வந்தீங்க? தெரியவே இல்லையே" என்று பாராட்டிய அம்மையார். சி.

வீட்டுக்காரருக்குத் தண்ணீர் பில் ஞாபகப்படுத்த வேண்டும்.


ஓகஸ்ட் 19, செவ்வாய்

தண்ணீர் நின்றுவிட்டது.

காலையில் தலைவர் போன். அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனேன். மோட்டர் அறைக்கு வெளியே கூட்டம். தரை முழுக்கத் தண்ணீர், தண்டின் பக்கமிருந்து பீறிடுகிறது. மேல் லயத்துப் பெண்கள் பெரட்டு, காலை ஆள் கணக்கெடுப்பு, முடிந்து மலைக்குப் போக முன்னால் ஓடைத் தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கித் தண்ணீர் தூக்குகிறார்கள். பீலியிலும் நூல்போலத்தான் வருகிறது, கச்சான் காலம். ராஜம்மா இரண்டு கைகளிலும் வாளியோடு ஏறிவந்தாள். "வாங்க சேர்" என்றாள். நிற்காமல் மேலே ஏறினாள்.

கழற்றினேன். பண்டார விளக்கைப் பிடித்தார்.

கரி வளையம் இல்லை. அதாவது, வளையம் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு விளிம்பு மட்டும். மீதி எல்லாம் பொடியாகி, கஞ்சியாகி, கீழே வடிந்துவிட்டது. சி. சொன்ன கிரீஸ் அதுதான். என் வளையத்தின் முகம் முழுக்கக் கறுப்பு.

தவறு என் வளையத்தில்தான் என்று பார்த்த அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதி வைக்கிறேன், பிறகு வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

வெளியில் யாரோ: "கறுப்பாப் போச்சி பாரு. வைரம் எங்க?" இன்னொருவர்: "வைரம் எப்பிடிடா கறுக்கும்? சொரண்டி எடுத்திருக்காங்க."

அதற்கு மேல் அது தானாக வளர்ந்தது. நான் ஸ்பெனர்களைத் துடைத்து முடிப்பதற்குள் மேலே பூசியிருந்த வைரத்தை யாரோ சுரண்டி எடுத்துவிட்டார்கள், அதனால்தான் சீல் போனது என்றாகிவிட்டது. பதுளைக் கடைத்தெருவில் கல் வாங்குபவர் ஒருவரின் பெயரும் வந்தது.

தலைவர் கேட்டார்: "சாவி யார்கிட்ட?"

சி. தன்னிடம்தான் என்றான். வேறு யாருக்கும் கொடுக்கவே இல்லை என்றான். பிறகு, தனக்கு உதவும் என்று நினைத்து, இதையும் சொன்னான்: "தலைவரே, இது தானாப் பழுதாகிற சாமான் இல்ல. மச்சான் செஞ்சது. ஜப்பான் சாமான். யாரோ கை வச்சிருக்கணும்."

சாவி அவனிடம் மட்டும். சாமான் தானாகப் பழுதாகாது. இந்த இரண்டையும் சேர்த்தால் என்ன வரும் என்று அவனைத் தவிர எல்லாருக்கும் விளங்கியது.

தலைவர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க சேர்?"

"பதுளைக்குக் கொண்டுபோய்ச் சோதிச்சிப் பாத்துத்தான் சொல்லணும்."

அப்படிச் சொன்னேன். வளையத்தைச் சோப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதுவரை மோட்டரைத் தொடக் கூடாது என்று ஒபீஸ் உத்தரவு. புதுச் சீலும் கொழும்பிலிருந்து வர வேண்டும். பழைய உதிரிச் சீல் ஒன்று இருந்தது. இனித் தேவைப்படாது என்று, வளையம் போட்ட அன்று நான்தான் தூக்கி எறியச் சொன்னேன்.


ஓகஸ்ட் 20, புதன்

வெயில். கல்லூரியில் மாணவர் வரவு குறைவு. நல்லது.

வளையத்தைக் கழுவினேன். கறுப்பு போனது. கீழே அதே சாம்பல் நிறம், அப்படியே. ஒரு மணிகூட உதிரவில்லை. வைரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியதெல்லாம் கரிக்கு.

அளவுக் கருவியின் ஊசியை முகத்தின்மேல் ஓட்டினேன். சராசரி எண் முன்பு வந்ததேதான். மோசமில்லை. ஆனால் ஊசி வரைந்த கோட்டைப் பார்த்தால்: தரை போன்ற சமவெளி, நடுநடுவே முள்போல நிற்கும் மணிகள். என் மெருகு பெரும்பாலான மேடுகளை எடுத்துவிட்டு, சிலவற்றை விட்டிருக்கிறது. மெருகேற்றும்போதே சில மணிகள் உடைந்து விளிம்பு கூராகியும் இருக்கிறது.

சொரசொரப்பைச் சராசரியால் மட்டும் சொல்ல முடியாது. முதலாம் ஆண்டுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: நல்ல தார் வீதியில் அங்கங்கே குழி. அதே வீதியில் அங்கங்கே குத்திநிற்கும் கல். இரண்டுக்கும் சராசரி ஒன்றாக வரலாம். டயரைக் கேட்டால் வித்தியாசம் சொல்லும். குழி உள்ள பரப்பு நல்லது, பள்ளத்தில் தண்ணீர் தங்கும், பொடி தங்கும். கல் நிற்கும் பரப்பு எதிரில் இருப்பதைக் கிழிக்கும்.

ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். கரும்பலகையில் படம்கூடப் போடுவேன்.

மெருகேற்றி அளந்த அன்று இந்தக் கோட்டைப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். முட்கள் தெரிந்தன. இன்னும் இரண்டு கிழமை தேய்க்க வேண்டும் என்று தெரிந்தது. மாலை, சின்னத்துரை, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஏற்கனவே பேசி முடிந்திருந்தது. சராசரி எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கருவியை அணைத்தேன்.

அடுத்தது, சத்தம் குறைந்ததும் சூடு குறைந்ததும். அதைக் கேட்டு நான் போனில் பாடம் எடுத்தேன். பள்ளங்கள் நிரம்பியது உண்மை. எதனால் நிரம்பியது? அரைபட்ட கரியால். வழுவழுத்தது அந்தக் கரி. உராய்வு இறங்கிக்கொண்டே போனது, அதே நேரத்தில் கரி வளையம் தேய்ந்துகொண்டே போனது. உராய்வு வேறு, தேய்வு வேறு. ஒன்று குறைந்தால் மற்றதும் குறைந்தாக வேண்டும் என்று சட்டமில்லை. அப்படிக் குறைந்தாக வேண்டும் என்று எழுதிய மாணவனுக்கு நான் பூச்சியம் போட்டிருக்கிறேன்.

தலைவருக்குப் போன் செய்ய எண்ணை எடுத்தேன். செய்யவில்லை. பல்வலி மாத்திரை வாங்கப் போனேன். பல்வலி இல்லை.


ஓகஸ்ட் 21, வியாழன்

நேற்றைவிட வெப்பம். பின்னேரம் சி. வந்தான்.

படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கதிரையின் நுனியில் உட்கார்ந்தான். வீட்டுக் கொல்லையில் பறித்த போஞ்சிக்காய் ஒரு பை, சாந்தி கொடுத்ததாம். தோட்டத்தில் தண்ணீர் இல்லாத நேரத்தில் போஞ்சி.

"வேலைக்குப் போகலியா?"

"மோட்டர்லேர்ந்து எடுத்துட்டாங்க மச்சான். புல்லு வெட்டப் போடுறாங்க. கூட்டம் முடியுற வரைக்கும்னு சொல்றாங்க. அப்புறம் ஒரேயடியா நிப்பாட்டிருவாங்கன்னு கணக்கப்புள்ள சொல்றாரு."

பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். நான் எடுக்கலன்னு. நீங்க சொன்னா நம்புவாங்க."

"நீ எடுக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இதை நான் கேட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

அவனுக்குக் கோபம் வரவில்லை. யோசித்தான். "அதுவும் சரிதான். நீங்க பதுளையில. உங்களுக்கு எப்பிடித் தெரியும்." பிறகு, "சோதிச்சிப் பாத்தா யாரு கை வச்சதுன்னு தெரியுமா மச்சான்? கைரேகை மாதிரி?"

"சோதனை முடியட்டும்."

"சரிங்க. மெதுவாப் பாருங்க. அவசரமில்ல." இரண்டு தரம் அவசரமில்லை என்றான். போகும்போது படியில் நின்று, "ஒங்க பேரு கெட்டுறக் கூடாதுன்னுதான் எனக்குக் கவலை. திருட்டுன்னு வந்தா ஒங்க வேலையில கொற இல்லன்னு ஆயிரும். அது ஒன்னு நல்லது."

வளையம் அப்போது அவனுக்கு ஒரு முழம் தள்ளி, மேசையில், சோப்புப் பெட்டிக்குள்.

இதையும் எழுதிவிடுகிறேன். அவன் நுனிக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோது என் மனதுக்குள் ஓடியது: அப்பாவுக்காக ஒரு நாள் காத்திருக்க முடியாதவன், இப்போது எனக்காகக் காத்திருக்கிறான். கணக்குச் சரியாகிவிட்டது என்று ஒரு நிம்மதி. ஒரு கணம்தான். ஆனால் இருந்தது. பண்டாரவின் பகிடி ஞாபகம் வந்தது. வைரப் பூச்சு வளையத்தில் மட்டும் இல்லை.

போஞ்சி அப்படியே கிடக்கிறது. சமைக்க மனமில்லை, எறியவும் முடியாது.


ஓகஸ்ட் 22, வெள்ளி

கல்லூரி முடிந்த பிறகு உராய்வு இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தேன். தேவையே இல்லை, விடை தெரியும். நாளைக் கடத்தத்தான். ஒரு கரித் துண்டு, கீழே என் வளையம், மேலே பாரம், தண்ணீர் சொட்டுச் சொட்டாக. முதலில் கீச்சென்ற சத்தம். பிறகு அடங்கியது. உராய்வுக் கோடு அழகாக இறங்கி நேராக ஓடியது. பார்க்கிற எவனும் வெற்றி என்பான். கரித் துண்டை எடுத்துப் பார்த்தேன். தலை தட்டையாகி, பாதி இல்லை.

நிமலுக்குப் போன் செய்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. சொன்னேனே என்பான் என்று காத்திருந்தேன், அதற்குப் பதிலும் தயார். அவன் கேட்டது: யாருக்காவது அடிபட்டதா? இல்லை என்றேன். பிறகு அதே வளையத்தை இன்னும் எப்படி மெருகேற்றலாம், எதிரில் என்ன போடலாம், பொடிமணி வைரமாகப் பூசினால் மேடே பெரிதாக வராதே என்றெல்லாம் பேசினான். பழைய அறைக்குள் இருப்பதுபோல. வைக்கும் நேரத்தில், அந்த மோட்டரைப் பார்க்கும் ஆளிடம் சொல்லிவிட்டாயா என்றான்.

சொல்லிவிட்டேன் என்றேன்.

அவனிடமும் பொய்.

எட்டு மணிச் செய்தி நேரம் சாந்தி போன். வழமையாக ஹலோ என்றதும் சாப்பிட்டீங்களா என்பாள். இன்று இல்லை.

"அண்ணே, சின்னவள ஸ்கூல்ல வைரக் கள்ளன் மகள்னு கூப்பிடுறாங்களாம். அழுதுகிட்டு வந்திச்சி. நாளைக்கிப் போக மாட்டேங்குது."

"நாளைக்குச் சனிக்கிழமை" என்றேன்.

"ஆமா, சனிக்கிழமைதான்" என்றாள். "பீலியில நிக்கையில யாரும் எங்கூடப் பேசுறதில்லண்ணே. வரிசையில எனக்கு முன்னுக்கும் பின்னுக்கும் எடம் விட்டு நிக்கிறாங்க. அவரு என்னடான்னா, மச்சான் பாத்துக்குவாரு, மச்சான் பாத்துக்குவாருன்னே சொல்லிக்கிட்டிருக்காரு. சோதிச்சிப் பாத்தீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

"வந்து என்ன சொல்லப்போறீங்க?"

வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நிமலிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னது, அவளிடம் சொல்ல முடியாதது. ஒரே வாக்கியம், நான்கைந்து சொல்.


ஓகஸ்ட் 23, சனி

துணி துவைத்தேன். முகச்சவரம். நல்ல சேர்ட்டை எடுத்துவைத்து, திரும்ப மடித்து உள்ளே வைத்தேன். பழையதைப் போட்டுக்கொண்டு போவது.

என்ன சொல்வதென்று தாளில் எழுதிப் பார்த்தேன். உராய்வு, தேய்வு, மேடு, பள்ளம். எழுதியதெல்லாம் விளக்கம். கிழித்துப் போட்டேன்.


ஓகஸ்ட் 24, ஞாயிறு

காற்று இன்று இல்லை. அசையாத வெயில்.

கூட்டம் கொழுந்து மடுவத்தில், கொழுந்து சேர்க்கும் கொட்டகையில். கொழுந்து நிறுக்கும் தராசுக்குக் கீழே தலைவருக்கும் எனக்கும் கதிரை. எனக்குக் கதிரை வேண்டாம் என்றேன், விடவில்லை. சின்னத்துரை வரவில்லை, முடிவை எழுத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். சிவலிங்கம் தூணோரம் நின்றான். வெள்ளைச் சேர்ட், தலையில் எண்ணெய். சாந்தி பெண்கள் பக்கத்தில், கடைசியில்.

எழுந்து சொன்னேன். "யாரும் எதையும் திருடல. வளையத்த நான் சரியாத் தேய்க்கல. அதோட சொரசொரப்பு எதிர்ல இருந்த கரிய அரைச்சிருச்சி. பிழ என்னுடையது."

தலைவர் முகம் இளகியது. எழுந்து என் தோளில் கை வைத்தார்.

"பாத்தீங்களா, பெரிய மனுசன்னா இதுதான். தங்கச்சி வாழ்க்கைக்காகப் பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு."

பெண்கள் பக்கத்தில் உச்சுக்கொட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவர் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். இல்லை, நான் சொல்வது உண்மை என்றேன். சொல்லச் சொல்ல என் பெருமை ஏறியது. சிவலிங்கத்தைப் பார்த்த பார்வைகள் இன்னும் கெட்டன. இப்படிப்பட்ட மனிதருக்கு இப்படி ஒரு தங்கை புருஷன்.

சிவலிங்கம் தூணைவிட்டு முன்னால் வந்தான். கண் கலங்கியிருந்தது. "மச்சான், எனக்காகப் பொய் சொல்லாதீங்க. ஒங்க சாமான்ல கொற இல்ல. நான் ஒழுங்காக் காவல் காக்கல, அதுதான் நடந்திச்சி."

இதற்கு மேல் என்னால் வாயால் ஒன்றும் செய்ய முடியாது என்று விளங்கியது. சோப்புப் பெட்டியைத் திறந்தேன். கழுவிய வளையம். தலைவரிடம் நீட்டினேன்.

"நகத்த வச்சி இழுங்க."

"என்ன சேர்?"

"பெருவிரல் நகம். இந்த முகத்துல."

இழுத்தார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. நகத்தைத் திருப்பிப் பார்த்தார், நுனி வெட்டியதுபோல. மறுபடி இழுத்தார். மறுபடி பொடி.

"அடேய், அரம் மாதிரில்ல இருக்கு."

"வைரம் அங்கயே இருக்கு. ஒரு துளிகூடப் போகல. அதுதான் ஒங்க நகத்தத் திங்குது. கரியையும் அப்படித்தான் தின்னிச்சி."

கைக்குக் கை போனது. ராஜம்மா கொழுந்துக் கறை ஏறிய நகத்தை வைத்து இழுத்தாள், கறுப்புப் போய் வெள்ளை தெரிந்தது. "ஏ, கறையே போயிருச்சிடி. தலைவரே, மோட்டருக்கு வேணாம், எங்களுக்கு ஆளுக்கொன்னு வாங்கிக் குடுங்க." சிரிப்பு. "ஒங் கால் நகத்துக்கு இது பத்தாது அக்கா, கல்லு ஒடைக்கிற மெசின்தான் வேணும்." கொஞ்ச நேரம் கூட்டம் கல்யாண வீடுபோல ஆகிவிட்டது. ஒவ்வொருவராக நகம் தேய்த்து, பொடியை ஊதி, அடுத்தவரிடம் கொடுத்தார்கள். வைரம் இருக்கிறது. எவரும் எடுக்கவில்லை. சாந்திக்குப் பக்கத்தில் இருந்த பெண் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு சிரிப்பு ஓய்ந்தது. தலைவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"சேர், இது ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"கழற்றின அன்னைக்கே."

"செவ்வாக்கெழம."

"ஆமா."

"நாங்க இவனக் கேள்வி கேக்கையில பக்கத்துல நின்னீங்களே. அப்பவும் தெரியும்?"

"தெரியும்."

மேலும் கேட்டிருக்கலாம். ஏதாவது ஏசியிருக்கலாம். கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, ஒபீசுக்கு எழுத வேண்டியதை மகனிடம் சொல்ல ஆரம்பித்தார். சிவலிங்கம் நாளைக் காலையிலிருந்து மோட்டருக்கு.

வளையம் கடைசியில் சிவலிங்கத்தின் கைக்கு வந்தது. அவன் நகத்தை வைக்கவில்லை. விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவினான், மிக மெதுவாக, குழந்தையின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பதுபோல. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"நான் பதுளைக்கு வந்தப்ப இது வீட்டுல இருந்திச்சா?"

"மேசையில."

தலையாட்டினான். வளையத்தை என்னிடம் தரவில்லை. தலைவர் பக்கத்தில், தராசுத் தட்டின்மேல் வைத்துவிட்டு வெளியே போனான்.

சாந்தி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடி பிளேன்டீ தந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. சின்னவள் கதவு இடுக்கால் பார்த்தாள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தபோது சாந்தி, "கடைசி பஸ் போயிரும்" என்றாள்.

பஸ் இன்னும் போகவில்லை. அது வர இன்னும் நேரம் இருந்தது. வீதியில் நின்றேன்.


ஓகஸ்ட் 25, திங்கள்

முகில் கூடியிருக்கிறது, மழை இல்லை. காலை வகுப்பில் மேற்பரப்புகள் பாடம் வர வேண்டும். அதைத் தள்ளிவைத்து வெப்பச் சிகிச்சையை எடுத்தேன். ஒரு மாணவி, போன கிழமை சொரசொரப்பு எடுக்கிறதாச் சொன்னீங்களே சேர் என்றாள். அடுத்த கிழமை என்றேன்.

போஞ்சியைச் சமைத்தேன். நார் ஏறிவிட்டது. சாப்பிட்டேன்.

பின்னேரம் போன். சிவலிங்கத்தின் எண். எடுப்பதற்கு முன் கொஞ்சம் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனை இதுவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன், அதுவும் அவசியம் வந்தால். இன்று, "சொல்லுங்க மச்சான்" என்றேன்.

மறுபக்கம் மோட்டர் ஓடும் சத்தம். பூனை மாதிரி இல்லை, சாதாரண மோட்டர் சத்தம்.

"கொழும்புலேர்ந்து வந்த சாதாச் சீல பண்டார போட்டுட்டாரு. மேல் லயத்துக்குத் தண்ணி ஏறிருச்சி. ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லி தலைவர் சொன்னாரு."

"மச்சான், நான்..." என்று தொடங்கினேன்.

"வைக்கிறேங்க சேர்."